ஜெர்மனியில் பொதுக் காப்பீடா, தனியார் காப்பீடா: குடும்பத்தோடு குடியேறுவோர் கணக்கிட வேண்டியவை

ஜெர்மனியில் வேலை உறுதியானதும் நிறுவனத்தின் மனிதவளத் துறை அனுப்பும் படிவங்களில், எந்த மருத்துவக் காப்பீட்டு நிதியத்தில் உறுப்பினராக இருக்கிறீர்கள் என்ற கேள்வி தவறாமல் இருக்கும். வீடு தேடுவது, நகர அலுவலகத்தில் பதிவு செய்வது, வங்கிக் கணக்குத் திறப்பது என்று வேலைகள் குவிந்து கிடக்கும் அந்த வாரங்களில், உடன் பணிபுரியும் ஒருவர் சொன்ன பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் பலரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். புதிதாகக் குடியேறுபவர் எடுக்கும் முடிவுகளில் பின்னாளில் மாற்றுவதற்கு மிகக் கடினமானது பொதுக் காப்பீடா, தனியார் காப்பீடா என்ற இந்தத் தேர்வுதான் என்பது அப்போது தெரிவதில்லை. வாடகை வீட்டை மாற்றிக்கொள்ளலாம், வேலையையும் மாற்றிக்கொள்ளலாம். தனியார் காப்பீட்டுக்குப் போனவர் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்பும் வழியைச் சட்டமே குறுக்கி வைத்திருக்கிறது; 55 வயதுக்குப் பிறகு அது ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆண்டு ஊதியம் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் ஊழியர் பொதுக் காப்பீட்டில்தான் சேர வேண்டும். அந்த வரம்பு 2025இல் 73,800 யூரோவாக இருந்தது. 2026இல் 77,400 யூரோவாக உயர்ந்தது. அதற்கு மேல் ஊதியம் பெறுபவர் மட்டுமே பொதுக் காப்பீட்டில் விருப்ப உறுப்பினராக இருப்பதா, தனியார் நிறுவனத்திடம் போவதா என்று தீர்மானிக்கலாம். ஜெர்மனியில் முதன்முறையாக வேலையில் சேர்பவர், தொடக்கத்திலேயே வரம்புக்கு மேல் ஊதியம் பெற்றாலும், மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் பொதுக் காப்பீட்டில் விருப்ப உறுப்பினராகச் சேரலாம். சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ உயர்திறன் பணியாளர்களுக்கான நீல அட்டை விசாவில் மியூனிக்கிலோ ஷ்டுட்கார்ட்டிலோ நேரடியாக உயர் ஊதியத்தில் சேர்பவர்கள் கவனிக்க வேண்டிய காலக்கெடு இது. அதைத் தவறவிட்டால் தனியார் காப்பீடு விருப்பத்தின் பேரில் அமைவதில்லை. வேறு வழியின்றி அமைந்துவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனைவியோ கணவரோ வேலைக்குப் போகாத குடும்பம், குழந்தைகள் இருக்கும் அல்லது விரைவில் எதிர்பார்க்கும் குடும்பம், எத்தனை ஆண்டுகள் அங்கே இருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத குடும்பம் ஆகியவை பொதுக் காப்பீட்டில் இருப்பதே நல்லது. தனியார் காப்பீடு சிலருக்கு உண்மையிலேயே பொருந்தும். ஆனால், முகவர்கள் காட்டும் முதல் மாதத் தொகையை மட்டும் வைத்து அந்தப் பொருத்தத்தை அளக்க முடியாது.

பொதுக் காப்பீட்டில் கட்டணம் ஊதியத்தின் சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. வயதையும் உடல்நிலையையும் அது பார்ப்பதில்லை. அடிப்படை விகிதம் 14.6 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு நிதியமும் தனக்குரிய கூடுதல் விகிதத்தைச் சேர்த்துக்கொள்ளும். 2026ஆம் ஆண்டுக்கு அரசு அறிவித்த சராசரிக் கூடுதல் விகிதம் 2.9 சதவீதம். இவை இரண்டிலும் பாதியை முதலாளி செலுத்துகிறார். கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2026இல் அது மாதம் 5,812.50 யூரோ. ஆகவே ஆண்டுக்கு எண்பதாயிரம் யூரோ பெறுபவரும் ஒன்றரை லட்சம் யூரோ பெறுபவரும் ஒரே தொகையைத்தான் கட்டுகிறார்கள். சராசரி விகிதத்தில் அது மொத்தம் மாதம் சுமார் 1,017 யூரோ. ஊழியரின் பங்கு சுமார் 509 யூரோ. இதனுடன் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடும் கட்டாயமாகச் சேரும். குழந்தை இல்லாதவர் ஊதியத்தில் 2.4 சதவீதமும், ஒரு குழந்தை உள்ளவர் 1.8 சதவீதமும், 25 வயதுக்குட்பட்ட இரண்டு குழந்தைகள் உள்ளவர் 1.55 சதவீதமும் தம் பங்காகக் கட்ட வேண்டும். சாக்சனி மாநிலத்தில் மட்டும் ஊழியரின் பங்கு சற்று அதிகம். எனவே உச்சவரம்பைத் தொடும் ஊதியத்தில், குழந்தை இல்லாதவரின் பங்கு ஏறத்தாழ 648 யூரோ ஆகிறது. இரண்டு குழந்தைகளின் தந்தையுடைய பங்கு ஏறத்தாழ 599 யூரோ ஆகிறது.

டெஹ்னிகர், பார்மர், ஏ.ஓ.கே., டி.ஏ.கே. என்று நிதியங்கள் பல இருந்தாலும், அவை தரும் சிகிச்சையில் பெரும்பகுதியைச் சட்டமே வரையறுத்துவிட்டது. கூடுதல் விகிதம், ஆங்கிலத்தில் பேசும் உதவி மையம், பல் சுத்தம் செய்வது போன்ற சிறு சலுகைகள் ஆகியவற்றில்தான் அவை வேறுபடும். பன்னிரண்டு மாதங்கள் ஒரு நிதியத்தில் இருந்த பிறகு இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம்; கூடுதல் விகிதத்தை உயர்த்தினால் அதற்கு முன்பும் மாறலாம். எனவே எந்த நிதியம் என்ற கேள்விக்கு ஒரு மாலைப் பொழுது போதும். பொதுவா, தனியாரா என்ற கேள்விக்குத்தான் பல நாட்கள் தேவை.

தனியார் காப்பீட்டில் ஊதியத்துக்கும் கட்டணத்துக்கும் தொடர்பில்லை. சேரும் வயது, உடல்நிலை, தேர்ந்தெடுக்கும் திட்டம், முதலில் நாமே ஏற்றுக்கொள்ளும் செலவின் அளவு ஆகியவை தொகையைத் தீர்மானிக்கின்றன. முப்பது வயதுக்குள் இருக்கும் நலமான ஒருவருக்கு, பொதுக் காப்பீட்டின் முழுத் தொகையைவிடக் கணிசமாகக் குறைந்த கட்டணத்தில் நல்ல திட்டம் கிடைக்கும். முதலாளி அதில் பாதியை, 2026இல் அதிகபட்சம் சுமார் 509 யூரோ வரை, ஏற்றுக்கொள்வார். சிகிச்சையின் தரத்திலும் வசதிகள் உண்டு. சிறப்பு மருத்துவரிடம் விரைவில் நேரம் கிடைக்கிறது. திட்டத்தைப் பொறுத்து மருத்துவமனையில் தனி அறையும் துறைத் தலைவரின் சிகிச்சையும் கிடைக்கின்றன. பல் சிகிச்சைக்குத் தாராளமான ஈடு உண்டு. தோல் மருத்துவரைப் பார்க்கப் பொதுக் காப்பீட்டில் உள்ளவர் பல வாரங்களோ மாதங்களோ காத்திருக்கும் இடத்தில், தனியார் காப்பீட்டில் உள்ளவர் சில நாட்களில் பார்த்துவிடுவது ஜெர்மனியில் எல்லோரும் அறிந்த ஏற்றத்தாழ்வு. அதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால், இந்தக் கணக்கு ஒற்றை ஆளுக்கானது. குடும்பம் என்று வந்ததும் நிலைமை முழுவதுமாக மாறிவிடுகிறது. பொதுக் காப்பீட்டில் உள்ளவரின் வாழ்க்கைத்துணைக்கு வருமானம் இல்லாவிட்டால், அல்லது 2026 கணக்குப்படி மாதம் 565 யூரோவுக்கு மிகாமல் இருந்தால், அவருக்குத் தனிக் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கும் 18 வயது வரையிலும், படிப்பைத் தொடர்ந்தால் 25 வயது வரையிலும் கட்டணம் இல்லை. அதே 599 யூரோவில் நான்கு பேர் முழுமையாகக் காக்கப்படுகிறார்கள். நம் ஊரிலிருந்து செல்லும் குடும்பங்களில், ஜெர்மன் மொழித் தேர்வுகளை முடித்து, பட்டத்துக்கு அங்கீகாரம் பெற்று, மனைவி வேலையில் அமர்வதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது வழக்கமாக இருக்கும்போது, இந்த ஒரு விதியின் பண மதிப்பு மட்டுமே தனியார் காப்பீட்டின் சேமிப்பை விழுங்கிவிடக்கூடியது.

தனியார் காப்பீட்டில் ஒவ்வொரு தலைக்கும் தனித்தனிக் கட்டணம். முதலாளியின் பங்களிப்பைக் குடும்பத்தினரின் கட்டணத்துக்கும் பயன்படுத்தலாம் என்றாலும், உச்சவரம்பு அதே 509 யூரோதான். அதற்கு மேல் வருவதெல்லாம் குடும்பத் தலைவரின் கையிலிருந்து போக வேண்டும். ஊரிலிருந்து வரும் மனைவி, தனியார் காப்பீட்டில் உள்ள கணவரைச் சார்ந்து பொதுக் காப்பீட்டுக்குள் நுழைய முடியாது. அவரும் உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் எழுதி, தனியார் நிறுவனம் ஏற்றுக்கொண்டால்தான் சேரலாம். பேறுகாலச் செலவுக்கு எட்டு மாதக் காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. அவர் கர்ப்பமாக வந்து சேர்ந்தால் சிக்கல் இன்னும் பெரிது. மனைவி பின்னர் வரம்புக்குக் குறைந்த ஊதியத்தில் வேலைக்குப் போனால் அவர் தாமாகப் பொதுக் காப்பீட்டில் சேர்ந்துவிடுவார். அப்போதும், கணவர் தனியார் காப்பீட்டில் இருந்து, அவருடைய வருமானம் வரம்புக்கு மேலும் மனைவியின் வருமானத்தைவிட அதிகமாகவும் இருந்தால், குழந்தைகளைத் தாயின் பொதுக் காப்பீட்டில் இலவசமாகச் சேர்க்க முடியாது. தாய் உறுப்பினராக இருந்தும் குழந்தைகளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும் என்பது, திருமணத்துக்கு முன் தனியார் காப்பீட்டில் சேர்ந்த இளைஞர்களுக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் பெயரில் தனியார் காப்பீடு எடுப்பதற்கு முன் இன்னொரு கணக்கும் போட வேண்டும். மகப்பேற்று விடுப்பின் பதினான்கு வாரங்களில் பொதுக் காப்பீட்டு நிதியம் நாளொன்றுக்கு 13 யூரோ வரை தருகிறது. மீதி ஊதியத்தை முதலாளி ஈடுகட்டுகிறார். தனியார் காப்பீட்டில் உள்ள பெண்ணுக்கு நிதியத்தின் அந்தப் பங்கு இல்லை. அரசு ஒருமுறை வழங்கும் அதிகபட்சம் 210 யூரோ மட்டுமே உண்டு. இதைவிடப் பெரியது பெற்றோர் விடுப்பு. பொதுக் காப்பீட்டின் கட்டாய உறுப்பினர் அந்த மாதங்களில் வேறு வருமானம் இல்லாவிட்டால் கட்டணம் கட்டத் தேவையில்லை. தனியார் காப்பீட்டில் உள்ளவர் முழுக் கட்டணத்தையும், முதலாளியின் பாதி இல்லாமல், தாமே கட்ட வேண்டும். வருமானம் குறைந்து செலவு கூடும் காலத்தில் இது கனமான சுமை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுக்கும் நாட்களுக்கு ஈடான தொகை, 2024 முதல் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாட்கள் வரை, பொதுக் காப்பீட்டில்தான் கிடைக்கிறது. குழந்தைக் காப்பகத்தில் முதல் குளிர்காலத்தைக் கடந்த எந்தப் பெற்றோரும் அந்தப் பதினைந்து நாட்களின் அருமையை அறிவார்கள்.

நீண்டகால நோய்க்கும் இதே வேறுபாடு உண்டு. ஊழியர் நோயுற்றால் முதல் ஆறு வாரங்கள் முதலாளி முழு ஊதியம் தர வேண்டும். அதன் பிறகு பொதுக் காப்பீடு, கட்டணக் கணக்கின் உச்சவரம்புக்கு உட்பட்டு, மொத்த ஊதியத்தில் 70 சதவீதம் வரை, முதலாளி தரும் ஆறு வாரங்களையும் சேர்த்து ஒரே நோய்க்கு மூன்று ஆண்டுகளில் 78 வாரங்கள் வரை தருகிறது. தனியார் காப்பீட்டில் இதற்கென, நோயுற்ற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தரும் நாள்படித் திட்டத்தைத் தனியாகச் சேர்த்து வாங்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது இதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் கணக்கு பிழையாகிவிடும்.

உடல்நலக் கேள்விகளைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீரிழிவு, தைராய்டு, இரத்த அழுத்தம், முதுகுவலி ஆகியவை நம் மக்களிடம் முப்பதுகளிலேயே காணப்படுகின்றன. இந்தியாவில் எடுத்த சிகிச்சை ஜெர்மானிய நிறுவனத்துக்கு எப்படித் தெரியவரும் என்று எண்ணி அவற்றை எழுதாமல் விடும் வழக்கம் உண்டு. அது ஆபத்தானது. கேட்ட விவரத்தை மறைத்தது பின்னர் தெரியவந்தால், மூன்று ஆண்டுகள் வரையிலும், வேண்டுமென்றே மறைத்திருந்தால் பத்து ஆண்டுகள் வரையிலும், ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள நிறுவனத்துக்குச் சட்டம் உரிமை தருகிறது. பெரிய அறுவை சிகிச்சைக்கான கோரிக்கை வரும்போதுதான் பழைய குறிப்புகளைத் தோண்டிப் பார்ப்பார்கள். பழைய நோய் உள்ளவர்கள், பெயரைக் குறிப்பிடாமல் பல நிறுவனங்களிடம் முன்கூட்டியே விசாரிக்கும்படி ஒரு சுயேச்சையான ஆலோசகரிடம் கேட்கலாம். கூடுதல் கட்டணமா, குறிப்பிட்ட நோய்க்கு விலக்கா, நேரடி மறுப்பா என்பது விண்ணப்பத்துக்கு முன்பே தெரிந்துவிடும். பொதுக் காப்பீட்டில் இந்தக் கேள்விகளே இல்லை என்பது, நோயோடு புலம்பெயர்பவருக்குப் பெரும் நிம்மதி.

திரும்பும் வழியைப் பற்றிய விதிகள் இவை. 55 வயதுக்குள் ஊதியம் வரம்புக்குக் கீழே வந்தாலோ, வேலையிழந்து வேலையின்மைக் காப்பீட்டுத் தொகை பெற்றாலோ, தனியார் காப்பீட்டில் உள்ளவர் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்பிவிடுவார். 55க்குப் பிறகு, முந்தைய ஐந்து ஆண்டுகளில் பொதுக் காப்பீட்டில் இல்லாதவருக்கு, சில விதிவிலக்குகள் தவிர அந்த வழி இல்லை. வரம்பு ஒவ்வோர் ஆண்டும் உயர்கிறது என்பதால், ஊதியம் உயராதவர் தனியார் காப்பீட்டிலிருந்து தாமாகவே வெளியே தள்ளப்படலாம். அப்போது பொதுக் காப்பீட்டில் சேரும் கட்டாயத்திலிருந்து மூன்று மாதங்களுக்குள் விலக்குக் கோரி விண்ணப்பித்தால் தனியாரிலேயே தொடரலாம். ஆனால் அந்த விலக்கைப் பின்னர் திரும்பப் பெற முடியாது. முகவர் நீட்டும் தாள்களில் இந்த விலக்கு விண்ணப்பம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் குறைந்தது ஒரு வாரம் கையெழுத்திடாமல் வைத்திருங்கள்.

அப்படியானால் தனியார் காப்பீடு யாருக்குப் பொருந்தும்? வரம்பைவிட வெகுவாக அதிகமான ஊதியம், நல்ல உடல்நலம், இளம் வயது, சார்ந்திருப்போர் இல்லாமை, மூன்று நான்கு ஆண்டுகளில் நாடு திரும்புவோம் என்ற தெளிவான திட்டம் ஆகியவை ஒன்றாக அமைந்தவருக்குப் பொருந்தும். நிலையாகத் தங்கிவிட முடிவு செய்து, கணவன் மனைவி இருவரும் உயர் ஊதியத்தில் நீடிப்பார்கள் என்ற உறுதியும், முதுமையில் உயரப்போகும் கட்டணத்துக்காக இன்றே சேமிக்கும் ஒழுங்கும் உள்ளவர்களுக்கும் பொருந்தலாம். முதுமைக்கென நிறுவனமே ஒரு பகுதியைச் சேர்த்து வைக்கிறது என்றாலும், ஓய்வூதியம் வந்த பிறகு கட்டணம் வருமானத்தோடு சேர்ந்து குறைவதில்லை.

மூன்றாவதாக ஒன்று விளம்பரங்களில் அடிக்கடி தென்படுகிறது: வெளிநாட்டவருக்கென விற்கப்படும், மாதத்துக்குச் சில பத்து யூரோக்களில் கிடைக்கும் தற்காலிகத் திட்டம். விசா கிடைப்பதற்கும் வேலையில் சேர்வதற்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்கு மட்டுமே அதை நான் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதில் ஈடு இல்லை, காலவரம்பு உண்டு, தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது வெளிநாட்டவர் அலுவலகம் அதைப் போதுமானதாக ஏற்காமல் போகலாம். மாணவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். படிப்பின் தொடக்கத்தில் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றுவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை அதற்குள் வர முடியாது.

அன்றாடப் பயன்பாட்டில் இரண்டும் வேறு வேறு பழக்கங்களைக் கேட்கின்றன. பொதுக் காப்பீட்டில் அட்டையை நீட்டினால் போதும்; பில் வீட்டுக்கு வருவதில்லை. மருந்துக்கு ஐந்து முதல் பத்து யூரோவும், மருத்துவமனையில் நாளுக்குப் பத்து யூரோ வீதம் ஆண்டுக்கு 28 நாட்கள் வரையும் கட்ட வேண்டும். 18 வயதுக்குட்பட்டோருக்கு அதுவும் இல்லை. பல் கட்டுவதில் பெரும்பகுதி நம் செலவு என்பதால், ஒரு துணைப் பல் காப்பீடு எடுத்துக்கொள்வது அறிவுடைமை. சிறப்பு மருத்துவரிடம் நேரம் கிடைக்காவிட்டால், குடும்ப மருத்துவரிடம் அவசரக் குறியீட்டுடன் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு 116117 என்ற எண்ணில் கேட்டால் ஏற்பாடு செய்து தருவார்கள். புதிதாக வந்தவர்களில் பலருக்கு இந்த எண் தெரிவதில்லை. தனியார் காப்பீட்டில் மருத்துவரின் பில் தபாலில் வரும். பெரும்பாலும் நாம் செலுத்தி, பிறகு நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இதற்கெனக் கைப்பணமும், தாள்களை ஒழுங்காக வைத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

ஊருக்கு விடுமுறைக்கு வரும்போது பொதுக் காப்பீடு இந்தியாவில் செல்லாது. அதற்கென ஆண்டுப் பயணக் காப்பீடு ஒருவருக்குப் பத்து இருபது யூரோ அளவில் கிடைக்கிறது. ஆனால் ஒரு பயணம் ஆறு அல்லது எட்டு வாரங்களைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். பேறுகாலத்துக்குப் பின் மூன்று மாதம் தாய்வீட்டில் இருக்க வருபவர்கள் அதைக் கவனித்து நீண்டகாலத் திட்டமாக வாங்க வேண்டும். தனியார் காப்பீட்டின் பொது விதிகள் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் ஒரு மாதத்துக்கு ஈடு தருகின்றன. திட்டத்தைப் பொறுத்து அதற்கு மேலும் கிடைக்கலாம். நிலையாக நாடு திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் இந்தியாவில் ஒரு மருத்துவக் காப்பீட்டை இப்போதே தொடங்கிவிடுவது நல்லது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை 2024இல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைத்தது. அந்த மூன்று ஆண்டுகள் வெளிநாட்டில் இருக்கும்போதே கழிந்துவிடும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

பெற்றோரை எந்தக் காப்பீட்டுக்குள்ளும் இலவசமாகச் சேர்க்க முடியாது. 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதல் தங்கும் அனுமதி பெற்ற திறன் பணியாளர்களில் பலர், தம் பெற்றோரையும், நிபந்தனைக்கு உட்பட்டு மாமனார் மாமியாரையும், நிரந்தரமாக அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் அந்தக் கதவை இறுக்கிப் பிடித்திருப்பது மருத்துவக் காப்பீடுதான். 55 வயதைக் கடந்தவர் பொதுக் காப்பீட்டில் சேர முடியாது. தனியார் நிறுவனங்களோ அறுபதைக் கடந்த, சர்க்கரை நோயுள்ள ஒருவரை எளிதில் ஏற்பதில்லை, ஏற்றாலும் கட்டணம் மிக அதிகம். ஆகவே அவர்களுடைய இந்தியக் காப்பீட்டை ஒருபோதும் விடாமல் புதுப்பித்துக்கொண்டு, ஷெங்கன் விசாவில் தொண்ணூறு நாட்களுக்கு வரவழைப்பதே பெரும்பாலான குடும்பங்களுக்கு நடக்கக்கூடிய வழியாக இருக்கிறது. அந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ ஈடு தரும் பயணக் காப்பீடு கட்டாயம். மலிவான திட்டங்கள் பழைய நோயால் வரும் சிக்கல்களை முழுவதுமாக விலக்கிவிடும். எனவே, உயிருக்கு ஆபத்தான திடீர் நிலையில் பழைய இதயநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் ஈடு உண்டா என்பதை நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டு, பதில் கிடைத்த பிறகே விமானச் சீட்டை வாங்குங்கள்.